பன்னிரண்டு குமிழ் வைத்த தேன் அப்பம்

கி.மு. 480ஆம் ஆண்டில் பாரசீகப் பேரரசன் செர்க்சஸின் படை ஏதென்ஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நகர மக்கள் வீடு வாசலை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டும் என்ற அறிவிப்பு வெளியானது. அப்போது அக்ரோபோலிஸ் குன்றின் மேலிருந்த அத்தீனா கோயிலின் பூசாரிப் பெண் ஒரு செய்தியைச் சொன்னாள். அந்தக் குன்றைக் காக்கும் பெரும் பாம்பு ஒன்று கோயிலுக்குள் வாழ்கிறது என்பது ஏதென்ஸ் மக்களின் நம்பிக்கை. அதற்கு மாதந்தோறும் ஒரு தேன் அப்பம் வைப்பார்கள். முன்பெல்லாம் தவறாமல் தீர்ந்துபோன அப்பம், அந்த மாதம் வைத்தது வைத்தபடியே கிடந்தது. தெய்வமே குன்றை விட்டுப் போய்விட்டது என்று எண்ணிய மக்கள் அதன்பின் ஊரைக் காலி செய்வதில் முன்னிலும் வேகம் காட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஏதென்ஸின் தலைவரான தெமிஸ்டோக்ளீஸ்தான் பூசாரிகளைக் கொண்டு இப்படிச் சொல்லவைத்தார் என்பது பின்னாளில் புளூட்டார்க் தரும் விளக்கம். அது தெய்வக் குறியா, அரசியல் தந்திரமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உண்ணப்படாத ஓர் அப்பம் ஒரு நகரத்தையே நகரச் செய்யும் அளவுக்கு எடை கொண்டிருந்தது என்பதே இங்கு நம் கவனத்துக்கு உரியது.

பண்டைய கிரேக்கச் சமயம் என்றதும் பளிங்குத் தூண்களும், பலிபீடத்தில் சாயும் எருதும், எழும் புகையும் நினைவுக்கு வருகின்றன. நூல்களும் அதையே விரித்துப் பேசுகின்றன. ஆனால் நாள்தோறும், மாதந்தோறும், வீட்டு வாசலிலும் மருத்துவக் கடவுளின் கோயிலிலும் கல்லறையிலும் சாதாரண மக்கள் எடுத்துச் சென்று வைத்தது பெரும்பாலும் மாவும் தேனும் எண்ணெயும் சேர்ந்த ஒரு சிறு பண்டத்தைத்தான். அந்தப் பண்டம் எருதுக்குப் பதிலாக ஏழை கொடுத்த எளிய ஈடு என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தத் தெய்வத்துக்கு எந்த வடிவம், மேலே எத்தனை குமிழ், தேனா மதுவா என்று இத்தனை நுணுக்கமாகக் குறிக்கப்பட்ட ஒன்றை வெறும் ஈடு என்று சொல்ல முடியாது. அந்தப் பண்டமே ஒரு விண்ணப்பம். அதன் உருவமே அதன் முகவரி.

இந்தப் பண்டத்தை ஆங்கிலத்தில் கேக் என்பார்கள்; அந்தச் சொல் இங்கே சற்று வழிதவறச் செய்யும். முட்டையும் சர்க்கரையும் அடித்துப் பஞ்சுபோல் உப்பவைத்த இன்றைய கேக்குக்கும் இதற்கும் உறவு குறைவு. அதிரசத்தைவிடச் சற்று உலர்ந்தும், பிஸ்கட்டைவிடச் சற்று ஈரமாகவும், தட்டையாகவும், கையில் அடங்கும்படியும் இருந்த ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கிரேக்கர்களிடம் இதற்கு ஒரே பெயர் இல்லை. தட்டையாகத் தட்டி மேலே குமிழ் வைத்தது ‘பொபனோன்’. மாவைத் தேனிலும் எண்ணெயிலும் குழைத்துக் கூழ்போலவோ கட்டியாகவோ பலிபீடத்தில் இட்டு எரித்தது ‘பெலனோஸ்’. அரைத்த பார்லியைத் தேனும் எண்ணெயும் விட்டுப் பிசைந்தது ‘ப்சைஸ்தா’. அடுப்பில் வேகாமலும் அது படையலாகும். தேனே பெயராக அமைந்தது ‘மெலிதூத்தா’; கிரேக்க மொழியில் தேனுக்கு ‘மெலி’ என்று பெயர். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அதேனியஸ், விருந்தைப் பற்றிய தமது பெருநூலின் பதினான்காம் பகுதியில் இத்தகைய பண்டங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிச் செல்கிறார். அவர் எழுதும்போதே அவற்றில் பல வழக்கொழிந்து, பழைய நூல்களில் மட்டுமே மிஞ்சியிருந்தன.

மாவு என்றால் முதலில் பார்லி. கிரேக்க நிலம் கல்லும் சரிவுமாக, மழை குறைந்தது; குறிப்பாக ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகாப் பகுதியில் கோதுமையைவிடப் பார்லி நம்பிக்கையாக விளையும். கிரேக்கர்கள் பார்லியை நனைத்து, ஓரிரவு உலரவிட்டு, மறுநாள் வறுத்துப் பிறகு அரைப்பார்கள் என்று ரோமானியரான பிளினி குறிக்கிறார். வறுத்த மாவு என்பதால் அதைத் தண்ணீரோ தேனோ விட்டுப் பிசைந்து அப்படியே உண்ணலாம். எலெயுசிஸில் தெமெத்தெர் என்னும் தானியத் தெய்வத்துக்குப் படைக்கப்பட்ட பெலனோஸ், விளைச்சலின் முதற்பங்காக வந்த கோதுமையையும் பார்லியையும் கொண்டு செய்யப்பட்டது. வயலில் விளைந்ததன் முதற்பங்கு, விளையவைத்தவளிடமே மாவாகித் திரும்பியது.

தேன் ஏதென்ஸுக்கு அருகிலேயே கிடைத்தது. நகரத்தின் கிழக்கே நீண்டு கிடக்கும் ஹைமெட்டஸ் மலையில் வளரும் தைம் செடியின் பூவிலிருந்து வரும் தேன் பண்டைய உலகம் முழுவதும் பேர் பெற்றது. அந்த மலையின் தெற்கு முனையில் வாரி என்னும் இடத்தில் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு பண்ணை வீட்டில் சுட்ட மண்ணால் செய்த கிடைத் தேன்கூடுகள் கிடைத்தன. அடை நன்றாகப் பற்றிக்கொள்வதற்காக அவற்றின் உட்புறத்தைச் சீப்பு போன்ற ஒன்றால் கீறி வைத்திருந்தார்கள். கரும்புச் சர்க்கரை அறியாத அந்த உலகில் அத்திப்பழமும் காய்ச்சிய திராட்சைச் சாறும்கூட இனிப்புத் தந்தன. இருந்தும் தெய்வத்திடம் போகும்போது தேனே முன்னே நின்றது ஏன் என்பது ஆராய வேண்டிய கேள்வி.

இதற்கு விடை இனிப்பில் இல்லை. கிரேக்கர்களின் விருந்திலும் வழிபாட்டிலும் மது இயல்பான பானம். ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களுக்கு மதுவை வார்ப்பதே முறை. ஆனால் மண்ணுக்குக் கீழே இருக்கும் ஆற்றல்களுக்கும், இறந்தோருக்கும், சினம் தணிக்க வேண்டிய தெய்வங்களுக்கும் வார்க்கும்போது பல இடங்களில் மதுவை விலக்கிவிட்டுத் தேன், பால், தண்ணீர் ஆகியவற்றையே வார்த்தார்கள். மது கலவாத இந்தப் படையலுக்குத் தனிப் பெயரே இருந்தது: ‘நெஃபாலியா’, அதாவது மயக்கம் இல்லாதது. ஹோமரின் காவியமான ஒடிசியில் அதன் நாயகன் ஒடிசியஸ் இறந்தோரை அழைக்கக் குழி தோண்டி முதலில் வார்ப்பது தேனும் பாலும் கலந்த கலவை. அதன் பிறகே மது, அதன் பிறகு தண்ணீர், அதன் மேல் பார்லி மாவு. சோஃபக்ளீஸின் கடைசி நாடகத்தில், பார்வையற்ற ஈடிபஸ் தெரியாமல் அடியெடுத்து வைத்துவிட்ட புனிதத் தோப்பின் தெய்வங்களுக்கு எப்படிப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்லித் தருகிறார்கள்: தண்ணீரும் தேனும் வார்க்க வேண்டும், மதுவைச் சேர்க்கவே கூடாது. அந்தத் தோப்பின் தெய்வங்கள் பழிவாங்கும் பெண் தெய்வங்கள். அவர்களைச் சமாதானப்படுத்தும் பெயரால் ‘நல்லெண்ணம் கொண்டோர்’ என்று அழைப்பார்கள். மது கிளர்ச்சியூட்டும், தேன் அமைதிப்படுத்தும் என்ற உணர்வு இதன் அடியில் ஓடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். மேலும், தேன் கெடாத பொருள். கி.மு. 380இல் படையெடுப்பின்போது காய்ச்சலால் இறந்த ஸ்பார்ட்டா மன்னன் அகெசிபோலிஸின் உடலைத் தேனில் இட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்று செனஃபன் எழுதுகிறார். அழிவைத் தள்ளிப்போடும் ஒரு பொருள் இறப்போடு சேர்ந்துகொண்டது வியப்புக்குரியது அல்ல.

தேன் அப்பம் ஏன் மீண்டும் மீண்டும் பாம்பின் அருகிலேயே காணப்படுகிறது என்பதும் இங்கே விளங்கும். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்து மண்ணுக்குள்ளேயே மறையும் பாம்பு, கிரேக்கர் பார்வையில் கீழுலகத்தின் தூது. ஒலிம்பியாவில் சோசிபோலிஸ் என்ற பாம்புருத் தெய்வத்துக்கு, ஆண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கப்படும் வயதான பெண் ஒருத்தி குளிக்க நீரும் தேன் விட்டுப் பிசைந்த பார்லி அப்பமும் எடுத்துச் சென்று வைப்பாள் என்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றி எழுதிய பௌசானியஸ் சொல்கிறார். அவர் தாமே அனுபவித்து எழுதிய இன்னொரு சடங்கு இதனினும் அச்சமூட்டுவது. போயோட்டியாவின் லெபடேயா என்னும் ஊரில் திரொஃபோனியஸின் குறியிடம் இருந்தது. அங்கே குறி கேட்க விரும்புபவர் சில நாள் தனித்திருந்து, ஹெர்கினா ஆற்றில் குளித்து, மறதியின் நீரையும் நினைவின் நீரையும் அருந்தி, பிறகு நிலத்துக்குள் அடுப்பு வடிவில் கட்டிய ஒரு குழியில் இறங்க வேண்டும். குழியின் அடியில் தரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சிறு துளை. கீழே மல்லாந்து படுத்து, இரு கைகளிலும் தேன் அப்பங்களைப் பிடித்துக்கொண்டு, கால்களை அந்தத் துளைக்குள் நுழைத்தால், சுழியில் அகப்பட்டவரை ஆறு இழுப்பதுபோல் உடல் உள்ளே இழுக்கப்படும். இருட்டில் எதிர்ப்படக்கூடிய பாம்புகளுக்காகத்தான் கையில் அந்த அப்பம்.

ஏதென்ஸ் மக்களுக்கு இது அன்றாடப் பேச்சில் புழங்கிய செய்தி. கி.மு. 423இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் நாடகத்தில், சாக்ரட்டீஸின் பள்ளிக்குள் நுழையப் பயப்படும் கிழவன், ‘முதலில் என் கையில் ஒரு தேன் அப்பத்தைக் கொடுங்கள், திரொஃபோனியஸின் குழிக்குள் இறங்குவதுபோல் நடுக்கமாக இருக்கிறது’ என்கிறான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த லிசிஸ்ட்ராட்டா நாடகத்தில் நாயகி அதிகாரியைப் பார்த்து, ‘இன்னும் சாகாமல் ஏன் இருக்கிறாய், நீ பெட்டியை வாங்கு, நான் தேன் அப்பம் பிசைகிறேன்’ என்கிறாள். இறந்தவருக்குத் தேன் அப்பம் வைப்பது எல்லாரும் அறிந்த வழக்கமாக இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கீழுலக வாசலில் நிற்கும் மூன்றுதலை நாய் கெர்பெரஸுக்கு மயக்க மருந்து கலந்த தேன் அப்பத்தை வீசுவதாக ரோமானியக் கவி வெர்ஜில் பாடியது இதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது.

இனி வடிவத்துக்கு வருவோம். இந்தப் படையல்களின் நுட்பம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயசில், மருத்துவக் கடவுள் அஸ்கிளெப்பியஸின் கோயிலில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, நோயாளி பலியிடுவதற்கு முன் செய்ய வேண்டிய முன்படையலைச் சொல்கிறது. மலெயாட்டஸுக்கு மூன்று பொபனோன், அப்போலோவுக்கு மூன்று, ஹெர்மஸுக்கு மூன்று, குணமாக்கும் பெண் தெய்வங்களான இயாசோவுக்கும் அகேசோவுக்கும் பனகெயாவுக்கும் மும்மூன்று, பிறகு நாய்களுக்கு மூன்று, நாய்களை நடத்தும் வேட்டையர்களுக்கு மூன்று. கூட்டினால் 24. நோயோடு வந்த ஒருவர் கூடையில் 24 சிறு அப்பங்களை எடுத்துக்கொண்டு, பெயர் பெயராகச் சொல்லி வைத்துக்கொண்டு நகர்வதை அந்தக் கல்லின் வரிசை கண்முன் நிறுத்துகிறது. தெய்வங்களுக்கும் நாய்களுக்கும் எண்ணிக்கை ஒன்றே என்பதை நான் ஒவ்வொரு முறையும் நின்று படிக்கிறேன்.

ரோமானியர் காலத்து ஏதென்ஸில் பொறிக்கப்பட்ட ஒரு படையல் நாட்காட்டி இன்னும் நுணுக்கமானது. உழவுக்குரிய சூஸ் தெய்வத்துக்கு மைமக்டெரியோன் மாதம் 20ஆம் நாள் ‘ஒரு கொய்னிக்ஸ் மாவில் செய்த, நிமிர்ந்த குமிழுடைய, பன்னிரண்டு குமிழ் பொபனோன்’ வைக்க வேண்டும் என்கிறது அது. அதோடு வேறொரு வகை அப்பமும், பலவகைக் கனி தானியங்களும், மது இல்லாத வார்ப்பும் சேரும். குமிழுக்கு அவர்கள் பயன்படுத்திய சொல் ‘ஓம்ஃபலோஸ்’, அதாவது தொப்புள். கொய்னிக்ஸ் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் முகத்தலளவை. ஓர் ஆளின் ஒருநாள் தானியமாகக் கருதப்பட்டதும் அதே அளவுதான். செர்க்சஸின் படைக்கு எவ்வளவு கோதுமை தேவைப்பட்டிருக்கும் என்று ஹெரோடோட்டஸ் கணக்கிட்டபோது தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கொய்னிக்ஸ் என்றே வைத்துக்கொண்டார். அப்படியானால் அந்தப் பன்னிரண்டு குமிழ் அப்பம் தெய்வத்துக்குத் தரப்பட்ட ஒருநாள் உணவு. மனிதன் தன் வயிற்றுக்கு அளந்த அதே படியால் அளந்தது.

வேறு சில தெய்வங்களுக்கு உருவமே பேசியது. வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் எலஃபெபோலியா விழாவில் கோதுமை மாவு, தேன், எள் ஆகியவற்றால் மான் வடிவத்தில் அப்பம் செய்தார்கள். அதன் பெயரே ‘எலஃபோஸ்’, மான். அதே தெய்வத்துக்கு முனீக்கியோன் மாதம் 16ஆம் நாள், முழுநிலவை ஒட்டி, ‘அம்ஃபிஃபோன்’ என்ற பாலாடைக்கட்டி அப்பத்தைச் சுற்றிச் சிறு தீபங்கள் நட்டு எடுத்துச் சென்றார்கள். பெயருக்குப் பொருள், இருபுறமும் ஒளிர்வது. மேற்கே நிலவு மறையும் முன் கிழக்கே கதிர் எழுந்து வானம் இரு ஒளியில் நிற்கும் வேளையை அது குறிக்கிறது என்று அட்டிகாவின் வரலாற்றை எழுதிய ஃபிலோக்கொரஸ் விளக்கினார். ஊரைக் காலி செய்த அதே ஆண்டில் பாரசீகரை முறியடித்த சலாமிஸ் கடற்போரின் வெற்றியையும் ஏதென்ஸ் அந்த நாளோடு சேர்த்தே நினைவுகூர்ந்தது. பாம்பு தொடாத அப்பத்தைப் பார்த்து ஊரைவிட்டுக் கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள், விளக்கு சூழ்ந்த இன்னோர் அப்பத்தைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக் குன்றேறியிருக்கிறார்கள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும் பழக்கம் இதிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். இடையில் கிடக்கும் நீண்ட நூற்றாண்டுகளை இணைக்கும் சான்று எதையும் அவர்கள் காட்டுவதில்லை; அதை விட்டுவிடுவதே நேர்மை.

சிசிலித் தீவின் சிரக்கூசில், பெண்கள் மட்டுமே நடத்திய தெஸ்மொஃபோரியா விழாவில், எள்ளும் தேனும் சேர்த்துப் பெண்குறி வடிவில் ‘மில்லோய்’ என்ற அப்பங்களைச் செய்து தெய்வங்களுக்காக ஊர்வலமாக எடுத்துச் சென்றதாக அதேனியஸ் பதிவு செய்கிறார். வயலின் விளைச்சலையும் மகப்பேற்றையும் ஒன்றாகவே வேண்டிய விழாவுக்கு அது ஒளிவுமறைவற்ற உருவம். கொரிந்து நகரின் மேலுள்ள குன்றுச் சரிவில், தெமெத்தெருக்கும் அவள் மகளுக்கும் உரிய கோயிலில், சிறு முறத்தில் அப்பங்களை அடுக்கியதுபோல் களிமண்ணில் செய்து சுட்ட பொம்மைப் படையல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உண்மையான அப்பம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். மண் அப்பம் தெய்வத்தின் முன் இருந்துகொண்டே இருக்கும். உருண்டையும் தட்டையும் குமிழும் எப்படி இருந்தன என்று இன்று நம் கண்ணால் பார்க்க முடிவது அந்த மண் படையல்களால்தான்.

பலியும் அப்பமும் ஒன்றையொன்று விலக்கியவை அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேயசின் 24 அப்பங்களுக்குப் பிறகு பலி உண்டு. ஆனாலும் உயிர்ப்பலி கூடாது என்ற குரல் கிரேக்கத்தில் தொடர்ந்து ஒலித்தது. ஒலித்த இடமெல்லாம் அது தேன் அப்பத்தையே சான்றுக்கு அழைத்தது. ஏதென்ஸின் தொன்மக் கால அரசன் கெக்ரொப்ஸ் உயிருள்ள எதையும் பலியிட மறுத்துப் பெலனோஸை மட்டுமே எரித்தான் என்று பௌசானியஸ் சொல்கிறார். அக்ரோபோலிஸின் மேல் எரெக்தெயோன் கோயிலுக்கு முன் இருந்த சூஸின் பலிபீடத்தில் அவர் காலத்திலும் அப்பம் மட்டுமே வைக்கப்பட்டது, மதுவும் கிடையாது. முன்னோர் மாட்டை உண்ணத் துணியாமல், அப்பத்தையும் தேனில் ஊறிய கனிகளையும் படைத்தார்கள் என்று பிளேட்டோ எழுதினார். புலாலை மறுத்த எம்பெடொக்ளீஸ், பார்லி மாவையும் தேனையும் கொண்டு ஓர் எருதைச் செய்து அதையே பலியிட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. ஏதென்ஸுக்கு வெளியே நடந்த தியாசியா விழாவில் மக்கள் கூட்டமாகக் கூடி, விலங்குக்குப் பதில் ‘உள்ளூர் வழக்கப்படியான படையலை’ வைத்தார்கள் என்று தூசிடைடீஸ் எழுதியதற்கு, விலங்கு வடிவ அப்பங்கள் என்று பழைய உரைக்குறிப்பு பொருள் சொல்கிறது. அந்த விழாவுக்குரியவர் சூஸ் மெய்லிக்கியோஸ், தணிந்தருளும் சூஸ். பிரேயசில் கிடைத்த புடைப்புச் சிற்பங்களில் அவர் பெரும் பாம்பு உருவிலேயே காட்சி தருகிறார்.

எளிய படையலின் மதிப்பைச் சொல்லும் கதைகளில் என் மனத்தில் தங்கியது, வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் சொல்லிப் போர்ஃபைரி காத்துத் தந்த ஒன்று. ஆசியாவின் மக்னீசியாவிலிருந்து வந்த செல்வர் ஒருவர், ஆண்டுதோறும் பெரும் பலிகள் கொடுத்தவர், தெய்வங்களை மிகச் சிறப்பாக வழிபடுபவர் யார் என்று அப்போலோவின் குறியிடமான டெல்ஃபியில் கேட்டார். தம் பெயரே வரும் என்று எதிர்பார்த்தார். பதிலாக வந்தது, ஆர்க்கேடியாவில் மெதிதிரியோன் என்ற சிற்றூரில் வாழும் கிளெயார்க்கஸ் என்பவரின் பெயர். செல்வர் தேடிக்கொண்டு அங்கே போனார். கிளெயார்க்கஸ் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் வீட்டிலிருந்த ஹெர்மஸ், ஹெக்கட்டே முதலிய தெய்வங்களின் உருவங்களைத் துடைத்து, மாலையிட்டு, சாம்பிராணியும் ப்சைஸ்தாவும் பொபனோனும் வைப்பார், ஊர் விழாக்களில் எதையும் விடமாட்டார், எருது வெட்டுவதில்லை.

அப்பத்தின் தூய்மை மாவிலேயே தொடங்கியது என்பதற்கு ஹெரோடோட்டஸ் தரும் சான்று கூர்மையானது. பாரசீகரிடமிருந்து தப்பித் தங்களிடம் அடைக்கலம் புகுந்த பக்தியஸ் என்பவனைக் கியோஸ் தீவினர், ஆட்டார்னியஸ் என்னும் நிலப்பகுதிக்கு ஈடாகக் கோயிலிலிருந்தே இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் அந்த நிலத்தில் விளைந்த பார்லியைக் கியோஸ் மக்கள் எவரும் பலியின்போது தூவியதில்லை. அந்த நிலத்துத் தானியத்தில் தெய்வத்துக்கு அப்பம் சுட்டதுமில்லை. அவர்கள் அதை வயிறார உண்டிருக்கலாம். படையலில் மட்டும் சேர்க்கவில்லை.

பெலனோஸ் என்ற சொல் காலப்போக்கில் காசாகவும் மாறியது. டெல்ஃபியில் குறி கேட்பதற்கு முன் பெலனோஸ் செலுத்த வேண்டும். ஃபசெலிஸ் நகரத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் அதன் விலை நகரத்தின் சார்பில் கேட்டால் 7 டெல்ஃபி திராக்மாவும் 2 ஓபோலும், தனியாள் கேட்டால் 4 ஓபோல் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. படைத்தவற்றை யார் உண்டார்கள் என்பதற்கு அரிஸ்டோஃபனீஸின் இன்னொரு நாடகம் விடை சொல்கிறது. அஸ்கிளெப்பியஸ் கோயிலில் இரவு விளக்கணைந்த பிறகு, பூசாரி பலிபீடம் பலிபீடமாகச் சுற்றி, மிஞ்சிய அப்பங்களையும் அத்திப்பழங்களையும் ஒரு சாக்குக்குள் ‘அர்ப்பணம்’ செய்வதைப் படுத்திருந்த அடிமை ஒருவன் பார்த்துவிடுகிறான்.

இந்த அப்பத்தை இன்று வீட்டு அடுப்பில் செய்ய விரும்புபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. படையல் அப்பங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெயரும் சேர்மானமுமே. அளவோடு நெருங்கி வருவது ஒரு ரோமானியச் செய்முறை: கி.மு. 160ஐ ஒட்டிக் கேட்டோ எழுதிய வேளாண் நூலில் ‘லிபும்’ என்ற படையல் அப்பத்துக்கு இரண்டு பவுண்டு பாலாடைக்கட்டி, ஒரு பவுண்டு மாவு, ஒரு முட்டை. அடியில் இலைகளைப் பரப்பி, சூடான அடுப்புத் தரையில், மேலே மண்சட்டியைக் கவிழ்த்து மெதுவாகச் சுட வேண்டும். கிரேக்கப் பார்லி அப்பத்துக்கு இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது மெல்லிய சூடு என்ற ஒன்றைத்தான்.

நான் பின்பற்றும் அளவைச் சொல்கிறேன். பார்லியை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து அரைத்துச் சலித்த மாவு 200 கிராம், கோதுமை மாவு 60 கிராம், தேன் 90 கிராம், ஆலிவ் எண்ணெய் 50 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி எள். பார்லியில் மாவைப் பிணைக்கும் பசைத்தன்மை குறைவு. அதனால்தான் சிறிது கோதுமை. முதலில் எண்ணெயையும் தேனையும் மாவில் விரலால் தேய்க்க வேண்டும். மாவு ஈரமணல்போல் உதிரியாக நிற்கும். இதுவே சரியான நிலை. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்துப் பிசைந்தால் நான்கைந்து கரண்டியில் திரளும். அரைமணி நேரம் மூடி வைத்தால் வறுத்த மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு விரிசல் குறையும். அப்பத்தை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்ட வேண்டும். பிரிஞ்சி இலை என்று நம் கடைகளில் விற்பது வேறு மரத்தின் இலை. மத்தியதரைக்கடல் லாரெல் இலை கிடைத்தால் அடியில் பரப்பலாம், இல்லாவிட்டால் எண்ணெய் தடவிய தட்டே போதும்.

குமிழ்தான் கைக்குச் சவால். முதன்முறை நான் சிறு உருண்டைகளைத் தனியாக உருட்டி மேலே ஒட்டவைத்தேன். வேகும்போது மாவு சுருங்கியதில் அவை ஒவ்வொன்றாகக் கழன்று தட்டில் உருண்டன. பசை குறைந்த மாவு ஒட்டுப்போட்டதை ஏற்பதில்லை. கனமாகத் தட்டிய அப்பத்தின் மேல் விரல்நுனியால் சுற்றிலும் அழுத்திப் பள்ளம் செய்துகொண்டே போனால், அழுத்தாமல் விட்ட இடம் தானாக நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஒன்றை விட்டு, அதைச் சுற்றிப் பதினொன்று. கொரிந்தின் மண் அப்பங்களைப் படத்தில் உற்றுப் பார்க்கும்போது, இந்தக் கைவேலையைத்தான் அவற்றைச் செய்தவர்களும் மண்ணில் காட்டியிருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சூடு 160 டிகிரியைத் தாண்டக் கூடாது. தேனில் உள்ள பழச்சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே சிவந்துவிடும். அடுப்பு கொஞ்சம் கூடினாலும் குமிழ்நுனி கருகி, உள்ளே மாவு பச்சையாக நிற்கும். 25 நிமிடத்தில் விளிம்பு பொன்னிறமாகும். அடுப்பிலிருந்து எடுத்ததும் ஒரு கரண்டித் தேனைச் சூட்டோடு மேலே தடவினால் பள்ளங்களில் தேங்கும், குமிழ்கள் மட்டும் மேலே தெரியும்.

அன்றே உண்டால் இது சற்று முரடாக, வறுத்த தானியத்தின் கசப்பு முன்னே நிற்பதாக இருக்கும். தேன் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருள் என்பதால், மூடி வைத்த அப்பம் மறுநாள் மென்மையாகிறது. மூன்றாம் நாள் குமிழை விரலால் அழுத்தினால் உதிராமல் அமுங்குகிறது, பார்லியின் கசப்பு பின்னே போய்த் தேனின் பூமணம் முன்னே வருகிறது.